துறட்டியும் மைக்கும்

எங்கள் தெருவில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஒரு வீட்டு மொட்டை மாடியில் கதை சொல்கிறார்கள். உள்ளூர் எழுத்தாளர்கள் தங்கள் கதையைத் தாளைப் பார்க்காமல் வாயால் சொல்ல வேண்டும் என்பது விதி. போன மாதம் என் முறை. வந்தவர்கள் 17 பேர். அதில் ஆறு பேர் கதை சொல்ல வந்தவர்கள். நான்கு பேர் அந்த ஆறு பேரை வண்டியில் கூட்டிவந்தவர்கள். இரண்டு பேர் சுண்டல் விநியோகம். மீதி ஐந்து பேர்தான் பொதுமக்கள். என் கதையின் உச்சக்கட்டத்தில் மைக் கீச்சென்று கத்தியது. முன்வரிசையில் உறங்கிக்கொண்டிருந்த பெரியவர் பதறி விழித்து, "முடிஞ்சிடுச்சா தம்பி?" என்றார். முடியவில்லை. ஆனால் முடித்துவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த மண்ணில் எனக்கு முன்னால் ஊரைக் கூட்டி வைத்து வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவர்கள் யார் யார் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். விடிவதற்குள் மனசு லேசாகிவிட்டது.

முதலில் தொல்காப்பியர். மனிதர் எழுதியது இலக்கண நூல். அதையும் சபையில் உட்கார்ந்து சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேற்றம் நடந்தது என்கிறது பாயிரம். எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரம். புணர்ச்சி விதிகளை ஒருவர் உரக்கச் சொல்லச் சொல்ல ஓர் அவை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இது போதாதென்று உரைகாரர் ஒரு மசாலாவும் சேர்க்கிறார்: அகத்தியருக்கும் தொல்காப்பியருக்கும் மனஸ்தாபமாம். "அவன் நூலைக் கேட்காதே" என்று அதங்கோட்டாசானுக்கு அகத்தியரே சொல்லிவைத்தாராம். ஆசான் இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ளாத வழியொன்றைக் கண்டுபிடித்தார். கேட்க உட்கார்ந்தார், கேட்ட இடமெல்லாம் குற்றம் சொன்னார். தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித் தப்பித்தார். கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பிக்கிறவர்களின் மூலபுருஷர் அதங்கோட்டாசான்தான்.

அடுத்து சங்கம். மூன்று சங்கமும் சேர்ந்து 9,990 ஆண்டுகள் நடந்ததாகவும் 8,598 புலவர்கள் பாடியதாகவும் கணக்கு வருகிறது, இறையனார் அகப்பொருள் உரை தரும் எண்களைக் கூட்டினால். பத்தாயிரம் என்று முழுசாகச் சொல்லாமல் பத்தைக் குறைத்ததிலேயே ஒரு நேர்மை தெரிகிறது. அதே உரையில் எனக்கு மிகவும் பிடித்த நடுவர் வருகிறார். இறைவன் செய்த 60 நூற்பாவுக்குப் புலவர்கள் ஆளுக்கோர் உரை எழுதிவிட்டார்கள். எது சரி என்று தீர்ப்பதற்கு உருத்திரசன்மன் என்ற பிள்ளையை உட்கார வைத்தார்கள். வயது ஐந்து. பேச வராது. ஒவ்வொருவராக வாசிக்க, பிள்ளை சும்மாவே இருந்தது. மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் கண்ணீர். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர், உடம்பெல்லாம் புல்லரிப்பு. தீர்ந்தது வழக்கு. தமிழ் வரலாற்றில் தன் கருத்தை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முடித்துக்கொண்ட ஒரே விமர்சகர் அவர்தான். இன்றைக்கு அப்படியொருவர் கிடைத்தால் அவருக்குக் கோயிலே கட்டலாம்.

சீத்தலைச் சாத்தனார் கதை இன்னும் உருக்கமானது. பகலில் மதுரையில் தானிய வியாபாரம், மற்ற நேரத்தில் இலக்கியம். யாராவது மோசமான பாட்டைப் படித்தால் படித்தவரை ஒன்றும் சொல்ல மாட்டாராம். கையிலிருக்கும் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வாராம். குத்திக் குத்தித் தலை சீழ்பிடித்து, அதுவே பெயராகவும் நிலைத்துவிட்டதாம். 'சீத்தலை என்பது ஊர்ப்பெயர்' என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லி இந்தக் கதையைக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயராகவே இருக்கட்டும். அந்த நாள் கூட்டங்களுக்கு அவர் தொடர்ந்து போயிருந்தால் தலை வேறெப்படி இருந்திருக்கும்?

இவரும் இளங்கோவடிகளும் செய்துகொண்ட ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. சிலப்பதிகாரத்தை இளங்கோ சொல்லச் சாத்தனார் கேட்டார். மணிமேகலையைச் சாத்தனார் சொல்ல இளங்கோ கேட்டார். இரண்டு பதிகங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. "என் கூட்டத்துக்கு நீ வா, உன் கூட்டத்துக்கு நான் வருகிறேன்" என்பதுதான் தமிழின் ஐம்பெருங்காப்பியங்களில் இரண்டுக்கு அஸ்திவாரம். எங்கள் மொட்டை மாடியில் வந்த 17 பேரில் ஆறு பேர் எழுத்தாளர்கள் என்று நான் வெட்கப்பட்டது எவ்வளவு அறியாமை!

இனி சோழர் காலம். கம்பர் எந்த நூற்றாண்டு என்பதில் அறிஞர்களுக்குள் முந்நூறு வருஷம் உதைக்கிறது. அவர் பட்ட பாட்டில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. ராமாயணத்தை அரங்கேற்றத் திருவரங்கம் போனார். "தில்லை மூவாயிரவர் சம்மதம் வாங்கி வாரும்" என்றார்கள். அதாவது வைணவக் கோயிலில் வாசிக்கச் சைவக் கோயிலின் தடையின்மைச் சான்றிதழ். மூவாயிரம் பேரையும் ஓரிடத்தில் கூட்டுவது நடக்கிற காரியமா? அங்கே ஒரு குழந்தை பாம்பு கடித்து இறந்து, துக்கத்துக்கு எல்லோரும் கூடினார்கள். கம்பர் நாகபாசப் படலத்தைப் பாட, விஷம் இறங்கிக் குழந்தை எழுந்ததாம். கையெழுத்து கிடைத்தது. கதையின் சில வடிவங்களில் இதோடும் விடவில்லை. சமணப் பண்டிதர், ஒரு கொல்லர், ஒரு தாசி, கடைசியில் கம்பரின் சொந்த மகன் என்று மேசை மேசையாகக் கோப்பு நகர்கிறது. மகனிடம் கையெழுத்து வாங்குவதுதான் மிகக் கஷ்டம் என்று எந்த எழுத்தாளனுக்கும் தெரியும்.

கடைசியாகத் திருவரங்கத்தில் பாட உட்கார்ந்தால் அடுத்த ஆட்சேபம்: நூறு பாட்டுக்கு ஒரு பாட்டில் புரவலர் சடையப்ப வள்ளலின் புகழ் வருகிறது, இது விளம்பரம்போல் இருக்கிறது. கம்பர் ஆயிரத்துக்கு ஒன்று என்று குறைத்தார். வள்ளல் நூற்றில் ஒருவர் அல்லர், ஆயிரத்தில் ஒருவர் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். பிறகு, "வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையை இங்கே ஏன் நுழைத்தீர்?" என்றார்கள். அதற்கு மேட்டழகிய சிங்கர் சந்நிதியில் இருந்த நரசிங்கப் பெருமானே தலையாட்டிச் சிரித்து ஒப்புக்கொண்டதாக ஐதீகம். தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இன்றும் இருக்கிறது. இத்தனை கையெழுத்துகளோடு அரங்கேறிய நூலை, இருபதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் உட்கார்ந்துகொண்டு ரசிகமணி டி.கே.சி., "இது கம்பன் பாட்டே இல்லை" என்று பாட்டுப் பாட்டாகத் தள்ளினார். தில்லை மூவாயிரவர் கையெழுத்தும் அங்கே செல்லவில்லை.

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பருக்கு நடந்ததும் இதே ரகம். கந்தபுராணத்தின் முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே ஒருவர் கையைத் தூக்கிவிட்டார். திகழ், தசம் இரண்டும் சேர்ந்து 'திகடசம்' ஆவதற்குத் தொல்காப்பியத்தில் விதி ஏது? கூட்டம் அத்தோடு ஒத்திவைப்பு. மறுநாள் சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டிவிட்டு மறைந்துபோனார். வந்தது முருகனே என்பார்கள். ஒரு டகரத்துக்காகக் கடவுளே இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டியிருந்தது. சேக்கிழார் ஒருவர்தான் கொடுத்துவைத்தவர். கேட்கிறவன் இரண்டாம் குலோத்துங்கன், இடம் தில்லை ஆயிரங்கால் மண்டபம், சித்திரைத் திருவாதிரையில் ஆரம்பித்து அடுத்த சித்திரைத் திருவாதிரை வரை ஒரு வருஷம். முடிவில் யானைமேல் ஏற்றி, ராஜாவே பின்னால் உட்கார்ந்து கவரி வீசினான். முதல்மந்திரியாக வேலை பார்த்துக்கொண்டே எழுதினால் கூட்டத்தில் யாரும் கையைத் தூக்குவதில்லை.

இதெல்லாம் மனத்தில் படுகிற காயம். உடம்பில் படுகிற காயத்துக்கு வில்லிபுத்தூரார். வாதுக்கு வருகிற புலவர் காதில் துறட்டியை மாட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்வார். பதிலில் தடுமாறினால் ஓர் இழுப்பு, காது போச்சு. அருணகிரிநாதரிடமும் இந்த வேலையைக் காட்டினார். அருணகிரி அந்தாதி பாட, வில்லியார் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 54ஆம் பாட்டு முழுக்கத் தகர வரிசை. வில்லியார் வாயடைத்துப்போனார். அருணகிரி காதை அறுக்காமல் விட்டதோடு துறட்டியையும் கீழே போடச் செய்தார். குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன், காதறுக்க வில்லி, தலையை வெட்ட ஒட்டக்கூத்தர், இந்த மூவரும் இப்போது இல்லாததால்தான் அரைகுறைகள் பெருகிவிட்டார்கள் என்று பிற்காலத் தனிப்பாடல் ஒன்று மூக்கைச் சிந்துகிறது.

காலம் வில்லியாரிடம் வட்டியோடு வசூலித்தது. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பிரசங்கியார் பகலில் வாசித்துச் சொல்வது அவருடைய பாரதத்தைத்தான். கோடை வெயில், ஓலைப்பந்தல், வயிறு நிறையக் கூழ். கேட்க வந்தவர்கள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். ராத்திரிக் கூத்துக்குக் கண் விழிக்க வேண்டும் அல்லவா? அறுத்த காதுகளுக்கெல்லாம் பதிலாகத் தூங்குகிற காதுகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815இல் பிறந்து 1876இல் மறைந்தவர், இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு புராணம், புராணத்துக்கு ஓர் அரங்கேற்றம். திருப்பெருந்துறையில் ஒருபக்கம் பாட்டு இயற்றல், ஒருபக்கம் அரங்கேற்றம் என்று வேலை நடந்தது. ஏடு படிக்கப் போன மாணவர் உ.வே.சாமிநாதையர் காய்ச்சலில் விழுந்து ஊர் திரும்பினார். அந்த மாணவரே பின்னால், கல்யாணக் கடனை அடைக்க வழி தேடிக் காரை என்ற கிராமத்தில் திருவிளையாடற் புராணம் சொல்லியிருக்கிறார். சுவடி தேடி அலைந்து சங்க இலக்கியத்தை மீட்டுத் தந்தவரின் ஆரம்பகாலப் பணி, ஊரார் முன் கதை சொல்லிக் கடன் தீர்ப்பது.

அதே பிள்ளையவர்களிடம் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மாயூரத்தில் நடையாய் நடந்தார். இலக்கணப் பிழை இருக்கிறது என்று பிள்ளை பிடிகொடுக்கவில்லை. ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டுக்குப் பாட ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர் உருகிப்போய் எழுந்துவந்து பாயிரம் கொடுத்துவிட்டார். தாளில் தோற்ற நூல் குரலில் ஜெயித்தது. அந்த நந்தனே பின்னால் என்.எஸ். கிருஷ்ணன் கையில் கிந்தன் ஆனான். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில், பள்ளிக்கூடம் பார்க்க ஆசைப்பட்டு ரயிலேறிப் போன கிந்தனார் காலட்சேபத்தைக் கேட்டு நாடே சிரித்தது.

விடியற்காலையில் எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். இத்தனை நூற்றாண்டு அரங்கேற்றங்களும் பெரும்பாலும் கோயில் மண்டபங்களில் நடந்தன. நந்தன் கதையையும் மண்டபத்தில் சொல்லி, கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நந்தனின் சாதியில் பிறந்தவனுக்கோ அந்த மண்டபத்தின் படியில் கால்வைக்க உரிமையில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்றுதான். மூவாயிரம் கையெழுத்து கேட்ட சபை, ஒரு டகரத்துக்காகக் கூட்டத்தை ஒத்திவைத்த சபை, வாசலில் நின்றவனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எங்கள் மொட்டை மாடிக்கு இரும்பு ஏணிப்படிதான். யாரும் ஏறலாம். போன மாதம் ஏறியவர்களில் ஒருவர் நகராட்சித் துப்புரவுப் பணியாளர். என் கதைக்குப் பிறகு அவர் மைக்கைப் பிடித்து, தன் பாட்டி கோயில் வாசலுக்கு வெளியே நின்று பாரதம் கேட்ட கதையைப் பத்து நிமிஷம் சொன்னார். மைக் கீச்சிடவில்லை. முன்வரிசைப் பெரியவர் தூங்கவில்லை. உருத்திரசன்மன் இருந்திருந்தால் யாருக்குக் கண்ணீர் விட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதமும் இரண்டாவது சனிக்கிழமைதான். உங்கள் தெருவிலும் இப்படி ஒன்று நடந்தால் ஏறிப் போய் உட்காருங்கள். கதை பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் தூங்குங்கள், வில்லியாருக்கே அதுதான் கிடைத்தது. துறட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.