எல்லைப் புணரியல்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், இந்தியன் ஒருவன் தரைவழியாக அயல்நாடு புகும்போது சட்டைப்பையில் இருக்கவேண்டிய அட்டைகளின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. நிற்கும் நாடு நிலைமொழி. புகும் நாடு வருமொழி. நடுவில் வரிசையில் நிற்பவன் சந்தி.

இயல்பாகப் புணர்வது நேபாளம். 1950 ஜூலை 31 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் வழிவந்த உறவு அது. 1,750 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த எல்லையில் இந்தியருக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை; இன்னார் இந்தியர் என்று காட்ட ஓர் அட்டை போதும்.

விகாரமாகப் புணர்வது பூடான். மேற்கு வங்கத்து ஜெய்காவ்னும் பூடானின் புன்ட்ஷோலிங்கும் ஒட்டியே கிடக்கின்றன. ஆனாலும் சேரும்போது மூன்று விகாரமும் தவறாமல் நிகழும். அனுமதிச்சீட்டு ஒன்று தோன்றும். உள்ளே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் பெரியவர் தலைக்கு 1,200 ரூபாய் கெடும். கடிகாரம் அரைமணி நேரம் திரியும். நேபாளத்திலும் கால்மணி திரிகிறதே, அது எப்படி இயல்பாகும் எனின், அங்கே அதைப் பொருட்படுத்துவார் இல்லை என்க.

இனி அட்டைகள். அவை முதல், சார்பு என இருவகைப்படும். முதலட்டை இரண்டு: பாஸ்போர்ட்டும் வாக்காளர் அட்டையும். வேறெதன் துணையுமின்றி இவை இரு நாட்டிலும் தனித்து இயங்கும். பூடானுக்கு மட்டும் பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுளாவது மிச்சமிருக்க வேண்டும். ஐந்து மாதமே மிஞ்சியது குற்றியலுகரம்: வடிவம் அப்படியே இருக்கும், மாத்திரைதான் குறைந்திருக்கும்.

ஆதார் எங்கே அடங்கும் என்று கேட்பவர் பலர். சிம் கார்டு முதல் வங்கிக் கணக்கு வரை உள்ளூரில் அது ஆளாத இடமில்லை. நேபாள எல்லையிலோ அது சார்பட்டை; 15 வயது நிரம்பாதவரிடத்தும் 65 வயது கடந்தவரிடத்தும் மட்டுமே அது செல்லும். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுக் காலம் ஊமை. காரணம் வெளிப்படை. ஆதார் குடியிருப்பவருக்குத் தரப்படுவது, குடிமகனுக்கு என்று தரப்படுவதன்று. ஆள் யார் என்று சொல்லும், எந்த நாட்டு ஆள் என்று சொல்லாது. அப்படியானால் சிறுவருக்கும் முதியவருக்கும் மட்டும் எப்படிச் செல்லும்? இவர்கள் தப்பி எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற நம்பிக்கை போலும். இது என் உரை, மூலத்தில் இல்லை.

நேபாளம் போகும் 15 முதல் 18 வயது வரை உள்ளவருக்குப் பள்ளித் தலைமையாசிரியர் தரும் அடையாளச் சான்று இடைச்சொல் போன்றது. பள்ளியைச் சார்ந்தே பொருள் தரும். அங்கே குடும்பமாகப் போவது தொகைநிலைத் தொடர். பெரியவர் ஒருவரிடம் முதலட்டை இருந்தால் மற்றவர் படமும் உறவும் காட்டும் எதையாவது நீட்டி அவர் பின்னே போகலாம். ரேஷன் கார்டுகூட ஆகும். நம்மூர் ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவரின் படம் மட்டுமே இருப்பதால், தொகையில் பிறர் மறைந்து நிற்கின்றனர் என்று கொள்க.

இவ்வியலில் வடநாட்டார் அறியாததும் தமிழர் அனுபவிப்பதும் ஆகுபெயர். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, முன்னெழுத்து உண்டு. பாஸ்போர்ட் படிவமோ குடும்பப்பெயர் எங்கே என்று கேட்கும். அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டு வருகிறோம். அன்று முதல் தந்தை பெயர் மகனுக்கு ஆகிவருகிறது. வாக்காளர் அட்டையில் அதே பெயர் ஓரெழுத்தாய்ச் சுருங்கியிருக்கும். பான் கார்டில் விரிந்து முன்னால் நிற்கும். மூன்றையும் ஒரு மேசையில் பரப்பினால் மூன்று ஆட்கள். ஓர் எல்லைச் சாளரத்தில் "ராமசாமி" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. அப்பா இறந்து பதினோரு வருடம். நான்காவது முறை, அவர் சார்பில் நான்தான் எழுந்து போனேன்.

புறனடை: ஆளுக்கு இயல்பாகப் புணரும் நேபாளம் வண்டிக்கு விகாரப்படும். இந்திய வண்டி உள்ளே ஓட 'பன்சார்' என்னும் சுங்கச் சீட்டை நாள் கணக்கில் பணம் கட்டி வாங்க வேண்டும். முக்திநாத் யாத்திரைக்காக, அதாவது வைணவர் 108 திவ்ய தேசங்களில் ஒன்றாக எண்ணும் சாளக்கிராமத்துக்காக, நாங்கள் எல்லையூரான சுனௌலி போய்ச் சேர்ந்தபோது எங்கள் குழுவில் முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு பேரின் நகல்களையும் வயதுவாரியாக அடுக்கி, சார்பட்டைகளுக்குத் தனிக் கிளிப் போட்டு வைத்திருந்தேன். எல்லை வளைவுக்குக் கீழே நடந்தோம். ஒருவரும் எதையும் கேட்கவில்லை. நேபாளப் பக்கத்துப் பெலஹியாவில் டீ குடித்துக்கொண்டு பேருந்துக்காகக் காத்திருந்தோம். அதன் காகிதங்களோடு ஓட்டுநர் அப்போதுதான் வரிசையில் போய் நின்றார்.