ராஜாவுக்கு தைராய்டு

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மஞ்சக்குப்பத்து நாய்களுக்கு ஒரே ஒரு தோல் வியாதிதான் உண்டு. அதன் பேர் சொறி. மருந்தும் தெருவே ஒப்புக்கொண்ட ஒன்றுதான்: லாரி ஷெட்டில் கெஞ்சி வாங்கிவரும் கழிவு ஆயில். அதை நக்கியும் நாய் பிழைத்துக்கொண்டால், பூசியவர் கைராசிக்காரர். ஆயில் கிடைக்காவிட்டால் வேப்பெண்ணெயில் குழைத்த கந்தகம். அதுவும் இல்லையென்றால் தேவனாம்பட்டினம் கடலில் நாலு முக்கு.

எங்கள் மணிக்கு மூன்றும் நடந்தது. இத்தனைக்கும் அது ஒருநாளும் சொறிந்துகொண்டதில்லை. இரண்டு விலாவிலும் அளந்து வழித்தாற்போல் முடி போயிருந்தது. வால் மொட்டை. அரை வயிறு தின்றே உடம்பு பெருத்தது. சித்திரை வெயிலிலும் அடுப்படியைத் தேடிப் படுத்தது. "தண்டச்சோறு" என்றார் அப்பா. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை உடம்பே தின்று தீர்த்தால் நாய் இப்படித்தான் ஆகும். அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தது 1914இல். அது கெடிலக்கரைக்கு வந்துசேரவில்லை. சென்னையில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தது. நாட்டு நாயோடு ரயிலேறினால் ஊர் சிரிக்குமே!

அப்புறம் ஊசிக் காலம் வந்தது. எந்த அரிப்புக்கும் ஸ்டீராய்டு. மறுநாளே அரிப்பு நின்றுவிடும். மாதாமாதம் போட்டுப் போட்டுப் பல நாய்களுக்கு வயிறு பானையானது, தோல் காகிதமானது, குண்டான் தண்ணீரும் போதவில்லை. குஷிங் நோய் தானாக வர எத்தனையோ வருஷம் ஆகும். நாம் காசு கொடுத்து வரவழைத்தோம். சட்டென்று நிறுத்தவும் முடியாது, அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும்.

இப்போது சிதம்பரம் அண்ணாமலை நகரில் அத்தை வீட்டு லாப்ரடார் ராஜாவுக்கு அதே விலா, அதே வால். ரத்தம் எடுத்தார்கள். டி4 குறைவு, டிஎஸ்எச் அதிகம். மருந்து, அத்தை விடிகாலையில் வெறும் வயிற்றில் போடும் அதே லெவோதைராக்சின். அத்தைக்கு நாளுக்கு 100 மைக்ரோகிராம், ஒரே மாத்திரை. நாய்க்குக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதுவும் இரண்டு வேளை. நாய்க் குடலில் மருந்து சரியாக ஏறாது, ஏறியதும் சீக்கிரம் கழிந்துவிடும். ராஜா 30 கிலோ. ஆக, வேளைக்கு ஆறு மாத்திரை. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம். முடி வளர இன்னும் சில மாதம்.

சீட்டைப் பார்த்த மருந்துக்கடைப் பையன் மிரண்டுவிட்டான்.

"பாட்டி, இவ்வளவு டோஸ் யாருக்கு?"

"ராஜாவுக்குப்பா."

"டாக்டர் தப்பா எழுதியிருப்பாரு. அவரை நேர்ல வரச் சொல்லுங்க."

"யாரை, டாக்டரையா?"

"ராஜா சாரை."