தலைக்குள் இருந்த கம்பெனி

1980களின் கடைசியில் திருப்பூரில் நான் கணக்கெழுதப் போன பனியன் கம்பெனியில், நிர்வாகம் முழுக்க முதலாளியின் தலைக்குள் இருந்தது. எந்த லாட் எந்தச் சாயப்பட்டறையில் கிடக்கிறது, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், எல்லாம் வாய்க்கணக்கு. துணி வந்து இறங்கியதும் விரலிடுக்கில் வைத்துத் தேய்ப்பார். "நூத்தி அறுபது ஜிஎஸ்எம் இருக்கும்" என்பார், அதாவது சதுர மீட்டருக்கு நூற்று அறுபது கிராம். சரியாகவே இருக்கும். பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்து மேலே வந்தவர்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டன. சாயம் போட துணி வெளியூர்களுக்கு லாரி ஏறியது. முதலாளிக்கோ அப்போது உடம்பு முடியவில்லை. எந்த லாட் எங்கே நிற்கிறது என்று பையர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு லாட்டுக்கும் எண் போட்டு ஏடு வைத்தது அதன் பிறகுதான். ஏடு பின்னால் கம்ப்யூட்டருக்குப் போனது.

இப்போது கம்பெனி அவர் மகன் கையில். வட்டக் கட்டரால் நூறு சதுர சென்டிமீட்டர் துணி வெட்டி, தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்குகிறார்கள். ஜிஎஸ்எம் எடுக்க நேற்று வந்த பையனுக்கும் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது தையல் லைனில் தொங்கும் அட்டைதான். செக்கர் ஒவ்வொரு மெஷினிலும் சில பீஸை எடுத்துப் பார்ப்பார். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மெஷின் நிற்கும். ஊசி முனை மழுங்கியதா, நூல் டென்ஷன் கூடியதா என்று அங்கேயே பார்ப்பார்கள். முன்பு ஓட்டை விழுந்த பனியன் செக்கிங் டேபிளில் குவிந்த பிறகுதான் தெரியும். சனிக்கிழமை அந்த நஷ்டத்தைத் தையல் காண்ட்ராக்டர் பில்லில் பிடிப்பார்கள், அவர் டெய்லர் கூலியில் பிடிப்பார். மழுங்கின ஊசிக்கு ஏழை காசு கொடுத்தான். அந்த அநியாயம் போனதே பெரிய காரியம்.

ஆனால் பழைய முதலாளி லைனுக்குள் வந்து, "ஏங்கண்ணு, ஊசி மாத்துனியா?" என்று கேட்பார். அப்படிக் கேட்க இன்று ஆளில்லை. தைப்பவர்களில் பலர் ஒடிசா, பீகார்க்காரர்கள். அட்டையில் எழுதியிருப்பதோ ஆங்கிலம். இளம் முதலாளிகளே, அவர்கள் பாஷை தெரிந்த ஒருவரை லைனில் போடுங்கள். மெஷின் ஏன் மக்கர் செய்கிறது என்று தைப்பவரையே கேளுங்கள். அவருக்குத்தான் முதலில் தெரியும்.