ஈசானிய மூலையில் ஐந்தருவி

சாத்தான்குளத்து அண்ணாச்சியைச் சென்னையில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவரைப் பாதிதான் தெரியும். அந்தப் பாதி, கல்லாவுக்குப் பின்னால் கைவைத்த பனியனோடு இருக்கும். நூறு கிராம் சீரகம் போட்டால் தராசில் எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சு விடாது. மிச்சப் பாதியைப் பார்க்கக் கோயில் கொடைக்கு ஊருக்கு வரவேண்டும்.

வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு மூன்று மாடி கட்டியாயிற்று. எதிர்வீட்டுக்காரரும் மூன்று கட்டிவிட்டார். நாலாவது மாடிக்கு ஏற மூட்டு ஒத்துழைக்காது. ஆகவே கீழே தோண்டினார்.

“நீச்ச குளம், தம்பி. ஈசானிய மூலையில தண்ணி நின்னா லட்சுமி நிப்பா.”

நீளம் முப்பது அடி, அகலம் பதினைந்து, ஆழம் ஐந்து. சுமார் 64,000 லிட்டர். போரில் வருவது உவர்த் தண்ணி, டைல்ஸ் வெளுத்துவிடுமாம். 12,000 லிட்டர் லாரி ஐந்து நடை வந்தும் மேல்படி நனையவில்லை. ஆறாவது நடைக்கு டிரைவரோடு பேரம் பேசிய அழகில்தான் பழைய சீரகக் கை தெரிந்தது.

குளம் மட்டும் போதுமா? சிமெண்டில் பாறை செய்து, அதற்குப் பாசிநிறப் பெயிண்ட் அடித்து, குற்றாலத்து ஐந்தருவியைக் கேட்டார். அந்த மோட்டாருக்கு மூன்றுதான் தாங்கும் என்றார் பம்புக்காரர். மீதி இரண்டுக்கும் நீலப் பெயிண்டிலேயே தண்ணீர் விழுகிறது. ஓரத்தில் வாயால் நீர் துப்பும் சிங்கம் ஒன்று. நடுவில் ஒரு டால்பின், மணப்பாட்டுக் கடலே பார்க்காத ரோஸ் நிறத்தில்.

“சடையனேரிக் கால்வாய்ல தண்ணி எப்ப வரும், மணிமுத்தாறு நாலாம் ரீச்சுல எப்ப வரும்னு வாயப் பொளந்துட்டுக் கெடந்த ஊருல்லா இது? நம்ம வீட்ல சுவிட்ச போட்டா வந்துரும்!” என்று போட்டும் காட்டினார். வந்தது. கரண்டும் போனது.

அவருடைய அம்மாவுக்கு அது இன்றுவரை ‘தொட்டி’தான். “தொட்டித் தண்ணி பிளீச்சிங் பவுடர் நாத்தம் அடிக்கே, மாடு குடிக்குமால?” என்றார் ஆச்சி. கோடை வெயிலில் இந்தப் பரப்புக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 லிட்டர் ஆவியாகிவிடும், பதினாறு பதினேழு குடம் என்று நான் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். ஆச்சி இடுப்பைத் தடவிக்கொண்டார். “நான் ரெண்டு நாளு சுமந்த தண்ணிய ஒத்தப் பகல்ல குடிச்சிட்டுப் போறானா சூரியன்?”

ஆடியில் காற்று எழுந்ததும் தேரிக்காட்டுச் செம்மண் வந்து குளித்தது. குளம் மசாலா அரைத்த அம்மி கழுவிய நிறம். அந்த மண்ணை வடிகட்டும் தொட்டிக்குள் போடுவதும் மண்தான். ஊரைச் சுற்றி மண் மலையாகக் கிடக்க, அதை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவரே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் லாரி இல்லாமலே தண்ணி வந்தது. ஆண்டு முழுக்கவே 65 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்கிற மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95. அண்ணாச்சி வீட்டில் குளம் எது, கொல்லை எது என்பதற்கு டால்பினின் மூக்கு ஒன்றே அடையாளம். “ஒரு வழியா நெறஞ்சிட்டு” என்றார் ஆச்சி. வடிந்ததும் சேற்றை அள்ள ஆள் பிடித்தார் அண்ணாச்சி. கூலி பேசும்போது மறுபடி அந்தச் சீரகக் கை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தக் குளத்தில் இதுவரை இறங்கி நீந்தியவர் யார் என்றால், தென்னை மட்டை கடிக்கப் போய் வழுக்கி விழுந்த ஒரு கிடாய். அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியாது.

அடுத்த கொடைக்குப் போகிறவர்கள் துண்டு எடுத்துப்போக வேண்டாம். படியில் உட்கார்ந்து கால் நனைக்கலாம். அருவியைப் புகழ்ந்தால் பனங்கற்கண்டுப் பால் உண்டு. ஐந்தையும் புகழுங்கள்.