தேதியின்மை இயல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

தரவு அட்டவணையில் தேதி இருக்க வேண்டிய கட்டம் காலியாகக் கிடப்பதைத் தேதியின்மை என்க. இக்குறைக்கு முதலில் முறைப்படி மருந்து கண்டவர் புள்ளியியலாளர் அல்லர், கிராமத்து ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியரே என்பது இவ்வாய்வின் துணிபு. அந்தக் காலத்தில் பிறந்த தேதி தெரியாமல் வந்து நின்ற பிள்ளையின் வலக்கை தலைக்கு மேலே சுற்றி இடக்காதைத் தொட்டால் வயது ஐந்து. ஜூனில் சேர்க்க ஐந்து முடிந்திருக்க வேண்டுமே? எழுது, மே மாதத்தில் ஒரு தேதி. ஒரு தலைமுறையில் பாதிப் பேர் கோடை விடுமுறையில் பிறந்தது இப்படித்தான். ஆடி அமாவாசைக்கு மறுநாள் பிறந்தவன் என்ற பாட்டியின் வாக்குமூலம் பதிவேட்டில் ஏறவில்லை.

கணினிக்கு இந்தக் கரிசனம் கிடையாது. யூனிக்ஸ் மரபில் காலிக் கட்டத்தை யாரேனும் பூஜ்யமாக்கிவிட்டால் அது 1970 ஜனவரி 1. நம் நேரப்படி விடியற்காலை 5.30. எக்செல் மரபில் அதே பூஜ்யம் 1900 ஜனவரி 0 என்று காட்சி தரும். அன்றைய ராகுகாலத்தைப் பஞ்சாங்கத்தார்தான் சொல்ல வேண்டும். பாண்டாஸ் (pandas) என்னும் தரவு நிரல்தொகுப்பின் மரபினர் மட்டும் காலியைக் காலி என்றே ஒப்புக்கொண்டு அதற்கு 'நாட்' (NaT) எனப் பெயரிட்டனர். ஒரு நாட் இன்னொரு நாட்டுக்குச் சமமன்று, தனக்கே சமமன்று. வேதாந்திகள் கவனிக்க.

ஆபத்தானவர்கள் சராசரிவாதிகள். காலிக் கட்டம் கண்ணில் பட்டால் சராசரித் தேதியைப் போட்டு நிரப்பினால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும். இவர்களிடம் ஓய்வூதியர் பட்டியலைக் கொடுத்தால் என்ன ஆகும்? 'இறந்த தேதி' காலியாக இருப்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள். சராசரி போட்டதும் அத்தனை பேரும் ஒரே நாளில் காலமாவர். இந்தத் தரவில் பயிலும் கணிப்பு மாதிரியும் அன்று ஏதோ கொள்ளைநோய் வந்ததாகப் படித்துக்கொள்ளும். மாண்டவர்களோ நவம்பரில் வாழ்நாள் சான்றிதழோடு வங்கி வாசலில் நிற்பர். அந்தக் காலியிடத்துக்கு 'இன்னும் நடக்கவில்லை' என்று பொருள். கணக்கெடுத்த நாள்வரை இருந்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு இங்கே போதும்.

மற்ற இடங்களில், எதை நிரப்பினாலும் பக்கத்தில் இன்னொரு பத்தி திறந்து, தேதி இல்லாதவருக்கு 1, இருப்பவருக்கு 0 என்று எழுதிவைக்க. கடன் விண்ணப்பத்தில் வேலையில் சேர்ந்த தேதியை விட்டவருக்கு வேலையே இல்லாமல் இருக்கலாம். அந்த 1 பல தேதிகளைவிட அதிகம் பேசும்.

முடிவுத் தேதி தெரியாத இடத்திலெல்லாம் 9999 டிசம்பர் 31 என்று போடுவோர் தனி ஆய்வுக்குரியவர். அவர்கள் கணக்கில், இன்று பணியில் இருக்கும் கடைநிலை ஊழியருக்கும் ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுப் பணிக்காலம் உண்டு. பணிக்கொடைக்கு உச்சவரம்பு இருக்கிறதோ, முதலாளிகள் பிழைத்தார்களோ.