மாமன் மகன் வாயை அடைக்க ஒரு கடிகாரம்

ஏண்டா பேராண்டி, மாடிக் கொட்டகையில ஒரே கூச்சலா இருக்கே, சொத்துத் தகராறு ஆகிப்போச்சோன்னு முழங்கால் வலியோட ஏறி வந்தேன். பார்த்தா அரை ஜாண் பொம்மைக் காரு ரெண்டு. பலகையில வெட்டின பள்ளத்துல மூக்கைச் செருகிக்கிட்டுச் சுத்துது. உன் மாமன் மகன் பத்து லேப்புங்கிறான், நீ ஒம்பதுங்கிறே. எண்ணத் தெரியாத ரெண்டு பேரையும் இன்ஜினியருக்குப் படிக்க வச்சிருக்கு இந்தக் குடும்பம்.

இப்ப நேரம் எடுக்க மிஷின் செய்யப் போறியாமே? செய்யப்பா, நல்லாச் செய்யி. ஆனா எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுச் செய்யி. நேரம் தெரிஞ்சு நீ என்ன பஸ்ஸா பிடிக்கப் போறே? மாமன் மகன் வாயை அடைக்கணும், அம்புட்டுத்தான் வேலை. ஒவ்வொரு கம்பியையும் இழுக்கும்போது, எந்த ஓட்டையில அவன் பூந்து வருவான்னு யோசிச்சுக்கிட்டே இழு.

அப்புறம், இந்தக் காரு விளையாட்டு என்னமோ நீங்க கண்டுபிடிச்ச மாதிரி ஆட வேண்டாம். 1957-லயே பிரெட் பிரான்சிஸ்னு ஒரு வெள்ளைக்காரன் ஸ்கேலக்ஸ்ட்ரிக்னு பேரு வச்சு வித்துட்டான். அதுக்கும் முன்னாடி, 1902-ல, நம்ம போடிக்கு மேல குண்டளைப் பள்ளத்தாக்குல ஒத்தைத் தண்டவாளத்துலயே வண்டி ஓடுச்சுடா. சின்னச் சக்கரம் தண்டவாளத்து மேல, பெரிய சக்கரம் தரையில, முன்னால மாடு. மூணாத்துத் தேயிலை அதுல ஏறி டாப் ஸ்டேஷன் வரும். அங்கேயிருந்து ரோப்வே வழியாக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில போடிக்கு வந்து, தூத்துக்குடி போயிக் கப்பலேறும். 1908-ல ஒத்தையை எடுத்துட்டு ரெட்டைத் தண்டவாளம் போட்டாங்க. 1924 வெள்ளம் மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிருச்சு. அந்த மாட்டுக்கு எவனும் லேப் டைம் எடுக்கலை, அதனால மூணாத்துல சண்டையும் இல்லை.

நீ என்னடான்னா போடிமெட்டு ரோடு மாதிரியே 17 கொண்டை ஊசி வளைவும் பலகையில வேணும்ங்கிறே. வையி, எனக்கென்ன. ஆனா மெட்டுக்கு ஏறுற ஜீப்பு சாயங்காலம் ஆளுகளை ஏத்திக்கிட்டுத்தான் திரும்பும். உன் காரு பத்து செகண்டுக்குள்ள புறப்பட்ட இடத்துக்கே வந்தாகணும், அதுதான் லேப்பு. லேப்பு எண்ணுற கோட்டை எங்கே வைக்கிறதுன்னு கேட்டியே, நேர் ரோட்டு நடுவுல வையி. வளைவுல வச்சா, காரு வெளியே பறந்த இடத்துல எல்லாம் பஞ்சாயத்து வைக்கணும்.

காரு வந்ததை மிஷின் எப்படித் தெரிஞ்சுக்கும்? பலகையில கரண்டு ஓடுற தண்டவாளத்துல ரெண்டு விரக்கடை அறுத்துத் தனியா விடலாம்னு சொன்னே. காரு அங்கே வந்ததும் மோட்டார் வழியாக் கரண்டு பாஞ்சு சேதி சொல்லும். மலிவுதான். ஆனா தண்டவாளத்துல ஓடுறது 12 வோல்ட்டு, கூடவே மோட்டார் பொறி வேற. மிஷினுக்கு மூளையா இருக்கிற உன் அர்டுயினோ உனோ போர்டோ 5 வோல்ட்டுக்கு மேல தாங்காத சீமைப் பிள்ளை. நடுவுல ரெண்டையும் பிரிச்சு வைக்கிற ஆப்டோகப்ளர் வைக்காமக் கோத்தேன்னா புகைதான் வரும். சரி, அதையும் வச்சுட்டேன்னே வை. அறுத்த இடத்துல காரை ஓட்டுற அளவுக்குக் கரண்டு கிடையாது பாரு, மெதுவா வந்தா அங்கேயே படுத்துக்கும். உன் மிஷின்தான் என்னை நிறுத்துச்சுன்னு அவன் எந்திரிப்பான். ஓட்டை ஒண்ணு.

காருக்கு அடியில இருக்கிற காந்தத்தை நம்பிக் கீழே ரீட் சுவிட்ச் வைக்கலாம். காந்தத்தைக் கழட்டிட்டு ஓட்டுறவன்தான் கெட்டிக்காரன்னு நீங்க ரெண்டு பேருமே பேசிக்கிட்டிருந்தது என் காதுல விழுந்துச்சு. கழட்டினா அப்புறம் எது எண்ணும்? நீயே எண்ணிக்க.

என்னைக் கேட்டா வெளிச்சம்தான். நாப்பது வருசம் ரேடியோவையும் டேப்பையும் பிரிச்சு மாட்டினவன் சொல்றேன். டி.வி. ரிமோட்டு மூக்குல இருக்கே, அதே ஐ.ஆர். எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுல பார்த்தாச் சிலதுல ஊதாவா மினுங்கும். கோட்டுக்கு மேல ஒரு பாலம் கட்டி அதை மாட்டு. நேர் கீழே பள்ளத்தோட அடியில மூணு மில்லி துளை போட்டு போட்டோ டிரான்சிஸ்டரை வையி. காரோட மூக்குக் கட்டை பள்ளத்துல போகும்போது மறைக்கும்.   ஆனா மேல பாடியும் போகுதே, அதுவும் மறைக்கும், கண்ணாடி வழியா வெளிச்சம் விட்டு விட்டு விழும், ஒரு காரை மூணா எண்ணும். அதனால ஒரு தடவை எண்ணினா மூணு செகண்டு காதைப் பொத்திக்கன்னு புரோகிராம்ல எழுதிரு. முதல் தடவை கோட்டைத் தாண்டுறது லேப்பு இல்லை, கடிகாரத்தைத் தட்டி எழுப்புறதுங்கிறதையும் எழுது. போன வாரம் அந்த ஒரு லேப்புக்குத்தான் செருப்பு பறந்துச்சு.

மேக்க சன்னல்ல சாக்கைக் கட்டு, சாயங்கால வெயிலு சென்சாரைக் குருடாக்கிரும். பழைய குண்டு பல்பையும் கழட்டிரு, அதுவும் ஐ.ஆரைத்தான் கொட்டும்.

இப்ப நீ எழுதி வச்சிருக்கிற புரோகிராமைப் பார்த்தேன். திரையில எண்ணைக் காட்டிட்டு 50 மில்லி செகண்டு தூங்குது. காரு செகண்டுக்கு நாலு மீட்டர் ஓடுதுன்னு வை. ரெண்டு சென்டி மூக்குக் கட்டை துளையைத் தாண்ட அஞ்சு மில்லி செகண்டு போதும். உன் மிஷின் கண்ணு முழிக்கிறதுக்குள்ள காரு குரங்கணி மலையைத் தாண்டியிருக்கும். பின் 2, பின் 3 ரெண்டும் இன்டரப்டுக்குன்னே கொடுத்திருக்கான். ரெண்டு லேனு, ரெண்டு பின்னு, கல்யாணப் பொருத்தம். மறைப்பு விழுந்த நொடியை அது பிடிச்சுக்கும், திரையெல்லாம் அப்புறம் சாவகாசமா எழுதிக்கலாம்.

மைக்ரோ செகண்டு வரைக்கும் அளக்கும்னு பீத்திக்கிட்டிருந்தியே, அது உனோவுல நாலு நாலாத்தான் தாவும். அதை விடு. அந்த போர்டுல கடிகாரத்தை ஓட்டுறது செராமிக் ரெசனேட்டர், நூத்துக்கு அரை வரைக்கும் தப்பும். எட்டு செகண்டு லேப்புல 40 மில்லி செகண்டு. பதறாதே, ரெண்டு லேனுக்கும் ஒரே கடிகாரம், அதனால ரெண்டு பேருக்கும் ஒரே பொய்தான். உன் நேரத்தை வேற மிஷின் வச்சிருக்கிற சென்னைக்காரன் நேரத்தோட ஒப்பிட்டு மீசையை முறுக்கினாத்தான் வம்பு. மாமன் மகனை ஜெயிக்க அது தாராளம். மிஷின் வந்தாலே கூச்சல் அடங்கிரும். நம்ம ஊர்ல ஏலக்காய் ஏலம் வாயால விட்ட காலத்துல தொண்டை பெருத்தவன்தான் வியாபாரி. இப்ப எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பட்டனைத்தானே அமுக்குறாங்க.

புள்ளிக்கு அப்புறம் எத்தனை எண்ணுன்னா, மூணு போதும். அதுலயும் சமம் வரும்டா. 1997-ல ஸ்பெயின் ஹெரெஸ்ல, பார்முலா ஒன் தகுதிச் சுத்துல, வில்நெவ், ஷூமாக்கர், பிரென்ட்ஸன் மூணு பேருக்கும் ஒரு நிமிசம் 21.072. அட்சரம் பிசகலை. முதல்ல ஓட்டினவனுக்கு முதல் இடம்னு தீர்த்தாங்க. நீயும் சட்டத்தை இப்பவே சுவத்துல எழுதி ஒட்டிரு. தோத்த பிறகு எழுதினா அது சட்டம் இல்லை, ஒப்பாரி.

கடைசியா ஒண்ணு. நீ கீழே காபி குடிக்கப் போனப்ப அந்தத் துளையைச் சோதிச்சுப் பார்த்தேன். விரல் நுழையலை, நல்லாத்தான் செஞ்சிருக்கே. வெளக்குமாத்து ஈர்க்குச்சி நுழையுது. மூணு செகண்டுக்கு ஒருக்கா ஆட்டினா, காரே இல்லாம லேப்பு ஏறுது. அந்த மூணை, யாராலயும் மிஞ்ச முடியாத வேக லேப்புக்குக் கொஞ்சமே கம்மியா ஏத்தி வை. உன் மாமன் மகன்கிட்ட நான் இதைச் சொல்லலை. கேட்டாச் சொல்லுவேன், அவனும் எனக்குப் பேரன்தானே.