தலையில் வைக்க முடியாத பூ

எங்கள் வீட்டுக்கு ஆப்பிரிக்கன் வயலட் வந்த அன்றே மாமியார் அதற்கு இன்டர்வியூ வைத்துவிட்டார். வாசனை இருக்கா? இல்லை. சாமிக்குத் தொடுக்கலாமா? நாரில் சுருக்குப் போட்டால் நசுங்கிவிடும். தலையில் வைக்கலாமா? தெருமுனை தாண்டுவதற்குள் வாடிவிடும். "அப்ப இது எதுக்கும்மா பூன்னு பேரு வச்சிக்கிட்டு இருக்கு?" என்றார். மல்லிகையும் கனகாம்பரமும் ஆண்ட வீட்டில் நியாயமான கேள்விதான்.

நான் அதன் குலம் கோத்திரத்தை எடுத்துச் சொன்னேன். தான்சானியாவின் உசம்பரா மலையில், நிழலில், பாறை இடுக்கில் கிடந்த செடி. 1892-இல் அங்கே அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் என்ற ஜெர்மன் பிரபுவின் கண்ணில் பட்டது. அவர் ஊரிலிருந்த அப்பாவுக்கு அனுப்பிவைத்தார். அது ஹனோவரில் ஹெரன்ஹவுசன் அரண்மனைத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஹெர்மன் வெண்ட்லாண்டிடம் போக, அவர் மறுவருடமே அந்தக் குடும்பத்தின் பெயரைச் செடிக்குச் சூட்டிவிட்டார். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் அப்பாவுக்குப் பணம் எதுவும் அனுப்பலியா?" என்றார்.

அரண்மனையில் வளர்ந்த பிள்ளை என்பதாலோ என்னவோ, அதற்கு ராஜ உபசாரம் இல்லாமல் ஆகாது. வெயில் நேராகப் படக் கூடாது. வெளிச்சம் குறையவும் கூடாது. கிழக்கு ஜன்னல் உத்தமம். எங்கள் ஃப்ளாட்டில் கிழக்கு ஜன்னல் ஒன்றுதான், அது பாத்ரூமில் இருக்கிறது. ஈரப்பதமும் அங்கே தாராளம் என்பதால் வயலட்டுக்கு ஏக திருப்தி. குளிக்கப் போகிறவர்கள்தான் அதனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இலை முழுக்கப் பூனைமுடி. அதில் சில்லென்று தண்ணீர் பட்டால் வட்டம் வட்டமாகத் தேமல் விழும். அதனால் தலைக்கு ஊற்றக் கூடாது. அடித்தட்டில் ஊற்றி, வேண்டியதைக் குடிக்கவிட்டு, அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். விட்டால் வேர் அழுகும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது முக்கியம். சென்னையில் அதற்கு மட்டும் கவலையில்லை. மே மாதம் மொட்டைமாடி டாங்க்கிலிருந்து வருவதை ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். தூசு படிந்தால் துணியால் துடைக்க முடியாது, மிருதுவான பிரஷ்ஷால் காம்பிலிருந்து நுனிக்குத் தட்டிவிட வேண்டும். என் கணவரின் ஷேவிங் பிரஷ் அதற்குக் கச்சிதமாக அமைந்தது. அவர் தாடி வளர்ப்பதை ஆன்மிகம் என்று உறவினர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கத்திரி வெயிலில் தொட்டியை ஏசி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மாமியார் சொன்னார்: "நானும் இந்த வீட்டுக்கு மருமகளா வர்றதுக்குப் பதிலா செடியா வந்திருக்கலாம்."

இப்படி ஒரு தொட்டிக்கு ஊழியம் செய்கிறவளுக்குத்தான் பொதுப் பூங்காவின் அருமை தெரியும். ஊட்டி தாவரவியல் பூங்கா 55 ஏக்கர். ஒரு செடிக்குக்கூட நான் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. டிக்கெட் எடுத்தால் போதும். சம்பளம் கொடுப்பது அரசாங்கம், குனிந்து நிமிர்வது தோட்டக்காரர்கள், "இந்தப் பாத்தியில இன்னும் கொஞ்சம் சிவப்பு வச்சிருக்கலாம்" என்று குறை சொல்வது நான். சுத்த ஜமீன் வாழ்க்கை.

அந்தப் பூங்கா பிறந்த கதை மாமியாருக்கு ரொம்பப் பிடித்தது. 1840-களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள், காய்கறி மலிவாகக் கிடைக்கட்டும் என்று மாதச் சந்தா கட்டி ஆரம்பித்த தோட்டம் அது. சரிப்பட்டு வரவில்லை. 1848-இல் லண்டன் கியூ தோட்டத்தில் பழகிய வில்லியம் மெக்கைவர் வந்து, சதுப்பும் புதருமாகக் கிடந்த மலைச்சரிவைத் திருத்தி, படிப்படியாகப் பூங்கா ஆக்கினார். "காய்கறியே போட்டுக்கிட்டு இருந்திருந்தா ஊட்டி கேரட் இன்னிக்கு இந்த விலை விக்குமா?" என்பது மாமியாரின் தீர்ப்பு.

மே மாத மலர்க் கண்காட்சியில் கார்னேஷன் பூக்களை நெருக்கிச் செருகிப் பெரிய பெரிய உருவங்கள் செய்து வைப்பார்கள். நாங்கள் போனபோது எல்லோரும் உருவத்தைப் பார்த்தார்கள்; மாமியார் முழக் கணக்கு போட்டார். கல்லாகிப்போன மரத்தண்டு ஒன்றும் அங்கே உண்டு. அதற்கு வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள். அதன் எதிரே ஒரு புதுமணத் தம்பதி, செல்ஃபியில் யாருடைய முகம் பாதி வெட்டுப்பட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மரம் அசையவில்லை, நிறைய பார்த்திருக்கும்.

பெங்களூரு லால்பாக்கும் போனோம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கியது, கண்ணாடி மாளிகை பிரமாதம். ஆனால் காலையில் பூவைவிட வாக்கிங் போகிறவர்கள்தான் அதிகம், ஓரமாக நிற்கவே பயமாக இருக்கிறது.

நடுவில் வீட்டு வயலட்டும் குடும்பி ஆகிவிட்டது. ஓர் இலையைக் காம்போடு சாய்வாக நறுக்கி ஈரமான தேங்காய்நார்த் தூளில் செருகினால், சில வாரங்களில் அடியில் சுண்டைக்காய் அளவில் குட்டிகள் எட்டிப் பார்க்கும். இது தெரிந்த நாளிலிருந்து மாமியார் பக்கத்து ஃப்ளாட்டுகளில் இலைக்குக் கறிவேப்பிலை என்று பண்டமாற்று நடத்துகிறார். ரசத்துக்குப் பஞ்சமில்லை.

முடிவாக ஒரு வார்த்தை. ஊட்டிக்குப் போகிறவர்கள் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டு, முடிந்தால் மே மாதத்தைத் தவிர்த்துப் போங்கள். வயலட் இலை கையிருப்பு நிறைய இருப்பதால் வேண்டுபவர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் மட்டும் வேண்டாம். பாத்ரூமில் ஆள் இருக்கும்.